இருபத்தைந்தாவது பல்

சிதம்பரம் கீழவீதியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, செந்தமிழ் டிஜிட்டல்ஸ் என்று ஒரு பேனர் கடை இருக்கிறது. அதை நடத்துகிற செந்தமிழ்செல்வனுக்கு நாற்பத்திரண்டு வயது. குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், சீட்டாட மாட்டார். ஆனால் கோணலாக இருக்கும் எதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்.

காதணி விழா பேனருக்கு யாராவது போட்டோ கொண்டுவந்தால், முதல் வேலையாக அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி எங்கே குறை என்று தேடுவார். சட்டைக் காலர் ஒரு பக்கம் தூக்கியிருந்தால் இறக்கிவிடுவார். மீசையின் இடது பாதி மெலிந்திருந்தால் வலது பாதியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒட்டுவார். வழுக்கை என்றால் யாரும் கேட்காமலே நாற்று நட்டுவிடுவார். பல் போனவர்களுக்குப் பல்லும் வைப்பார்.

ஒருமுறை வல்லம்படுகையில் ஒருவர் இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலி பேனர் செல்வனிடம்தான் வந்தது. இறந்தவர் வெற்றிலை போட்டுப் போட்டு முன்பற்களை இழந்தவர். செல்வன் மேல்வரிசை முழுவதையும் கட்டி, வெள்ளையும் அடித்துக் கொடுத்தார். தெருமுனையில் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, துக்கத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் பந்தி எங்கே என்று கேட்டார்களாம். இறந்தவரின் மனைவி பேனரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உசுரோட இருந்தப்பவே இந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி அழப் போனாராம்.

கடையில் ஆர்டர் எடுப்பது, எழுத்துப்பிழை பார்ப்பது, ஆள் வந்து சத்தம் போட்டால் சமாதானம் சொல்வது எல்லாம் அவர் மனைவி சந்திரலேகா. செல்வன் எழுத்தைப் படிக்கவே மாட்டார். அவருக்கு எழுத்து என்பது படத்துக்குக் கீழே போகிற கறுப்புப் பட்டை, அவ்வளவுதான்.

அப்படியிருக்க, ஓர் ஆடி மாதம். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை, கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. செல்வன் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் வித்யா என்ற பெண் ஒரு பென்டிரைவோடு வந்தாள். கடலூர் செம்மண்டலத்துக்காரி. தினமும் பஸ் ஏறிப் பரங்கிப்பேட்டைக்குப் போய், அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சென்னையில் ஒரு கருத்தரங்கில் தன் ஆராய்ச்சியைச் சுவரில் மாட்டிக் காட்ட வேண்டும், அதற்கு ஒரு பேனர் வேண்டும் என்றாள். என்ன ஆராய்ச்சி என்று சந்திரலேகா கேட்டாள். வெள்ளாறு முகத்துவாரத்துக் கல்லில் ஒட்டி வளரும் கறுப்புச் சிப்பி என்று வித்யா ஆரம்பித்ததுமே, செல்வன் போட்டுவிட்டுப் போயிருந்த ஒரே ஒரு வேலைக்குப் பிரிண்டிங் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்துவிட்டது. சந்திரலேகா காதில் சிப்பி வரைக்கும்தான் விழுந்தது.

செல்வன் வந்து படத்தைத் திறந்தார். திறந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நடுவில் ஒரு வட்டம். தேன் நிறத்தில், ஒன்றின் இடுக்கில் ஒன்று மாட்டிக்கொண்டு, கொக்கிகொக்கியாகப் பற்கள். அதைச் சுற்றிக் கதிர்கதிராக மெல்லிய கோடுகள். அதற்கும் வெளியே பட்டுச் சரிகையின் ஓரம் போல ஒரு ரோமக் கரை. இருபது வருடத் தொழிலில் எத்தனையோ சக்கரம், எத்தனையோ பதக்கம் பார்த்திருக்கிறார். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"யாரு போட்ட டிசைன் இது?" என்றார்.

"யாருக்குத் தெரியும்? எழுத்தெல்லாம் இங்கிலீசு. சிப்பி என்னவோ சொல்லுச்சு அந்தப் பொண்ணு" என்றாள் சந்திரலேகா.

சிப்பியில் செதுக்கிய பதக்கம் என்று அவர் முடிவு செய்துகொண்டார். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. மேல் வலது பக்கத்தில், இரண்டு கொக்கிகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி அதிகம். யாரோ ஒரு பல்லைப் பிடுங்கியது போல. அவருக்கு உடம்பு அரித்தது. எண்ணிப் பார்த்தார். இருபத்துநான்கு. பக்கத்துப் பல்லை நகலெடுத்து, லேசாகச் சாய்த்து, அந்த இடத்தில் பொருத்தி, ஓரத்தைத் தேய்த்துவிட்டார். இருபத்தைந்து. வட்டம் நிறைந்தது. செல்வனின் மனமும் நிறைந்தது.

அதோடு விட்டிருக்கலாம். பாவம், படிக்கிற பெண், இனிமேலாவது நல்ல படமாக வைத்துக்கொள்ளட்டும் என்று, சரிசெய்த படத்தையே அவளுடைய பென்டிரைவிலும் பழைய பெயரிலேயே பதிந்து கொடுத்தார். தனக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார்.

சென்னையில் அந்தப் பேனருக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. வித்யா ஒரு டப்பா பால்கோவாவோடு கடைக்கு வந்தாள்.

"படம் ரொம்ப ஷார்ப்பா வந்துருந்துச்சுண்ணே. எல்லாரும் கேட்டாங்க."

"நம்மகிட்ட குடுத்துட்டா அப்படித்தாம்மா" என்று செல்வன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆவணி பிறந்ததும் சந்திரலேகாவின் அண்ணன் கலியமூர்த்தி கடலூரிலிருந்து வந்தார். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுநர் நலச்சங்கத்தின் தலைவர். ஐம்பதாவது பிறந்தநாள் வருகிறது, சங்கத் தேர்தலும் வருகிறது, எதிர்த்து நிற்கப்போவது கொளஞ்சியப்பன். ஆகவே ஊர் முழுக்கப் பேனர் வேண்டும்.

"மாப்ள, தலைக்குப் பின்னாடி ஒரு ஒளி வேணும். என்னப் பாத்தா கண்ணு கூசணும்."

"சூரியன் வச்சிரலாம் மச்சான்."

"ஐயையோ, அது கட்சி. நம்ம சங்கத்துல எல்லாக் கட்சிக்காரனும் இருக்கான்."

"தாமரைப்பூ விரிஞ்ச மாதிரி?"

"அதுவும் கட்சி."

"இலை, தழை...?"

"யோவ், எதைச் சொன்னாலும் கட்சியா இருக்குதே. கை, பானை, மாம்பழம், ஒண்ணும் ஆவாது. யாருக்கும் சொந்தமில்லாத ஒண்ணா இருக்கணும். அதே சமயம் பாத்தவுடனே கும்புடத் தோணணும்."

செல்வன் கண்ணை மூடி யோசித்தார். பிறகு அந்த வட்டத்தைத் திறந்து, தங்க நிறம் ஏற்றி, கலியமூர்த்தியின் தலைக்குப் பின்னால் வைத்தார். கலியமூர்த்தி எழுந்து நின்றுவிட்டார்.

"எந்தக் கோயில்லேர்ந்து எடுத்த இத?"

"அது ஒரு டிசைன் மச்சான். வேற யாருகிட்டயும் கெடையாது."

செம்மண்டலம் சிக்னலில் எட்டடி உயரத்துக்கு அந்தப் பேனர் நின்றது. ஒரு வாரத்தில் ஆட்கள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். "கலியமூர்த்திக்கு வச்சீங்களே, அந்த வட்டம்" என்று கேட்டார்கள். புதுச்சத்திரத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பெண்ணின் தலைக்குப் பின்னால் வைத்தார். ஆலப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு வைத்தார். சிப்காட் பக்கம் ஒரு டியூஷன் சென்டர், பரங்கிப்பேட்டையில் ஒரு பிரியாணிக் கடை, ஒரு தையல் கடை. ஷேர் ஆட்டோக்களின் பின்பக்கத்தில் ஸ்டிக்கராகவும் ஏறிவிட்டது. ஜனங்கள் அதற்குச் செந்தமிழ் சக்கரம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். செல்வன் வாழ்நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். "கால் தரையில படுதான்னு பாத்து நடங்க" என்று சந்திரலேகா சொல்லிப் பார்த்தாள்.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு வித்யா கடைக்குள் புயல் மாதிரி வந்தாள். ஆய்வேடு எழுதுவதற்காக இரண்டு மாதம் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தவள். அன்றுதான் பஸ் ஏறியிருக்கிறாள். செம்மண்டலம் சிக்னலில் ஜன்னல் வழியாகப் பார்த்தவளுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. முட்லூரில் இறங்கிப் பரங்கிப்பேட்டைக்குப் போக வேண்டியவள், இறங்காமல் எண்ணிக்கொண்டே நேராகச் சிதம்பரத்துக்கு வந்துவிட்டாள்.

"பதினேழு! அண்ணே, பதினேழு எடத்துல என் டிரைக்கோடைனா நிக்குது!"

"யாரும்மா அது?" என்றார் செல்வன்.

"நீங்க எல்லார் தலைக்குப் பின்னாடியும் வச்சிருக்கீங்களே, அது! அது டிசைன் இல்லண்ணே. ஒட்டுண்ணி. சிப்பியோட செவுள்ல ஒட்டிக்கிட்டு வாழ்ற உசுரு!"

மெஷின் அப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு சொல்லும் செல்வனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஒட்டுண்ணின்னா... பேன் மாதிரியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பேனெல்லாம் இதுக்கு முன்னாடி யானைண்ணே. ஒரு மில்லிமீட்டர இருபதா வெட்டினா அதுல ஒரு பங்கு."

செல்வன் சுவரைப் பார்த்தார். அங்கே ஆலப்பாக்கத்துக் கல்யாண ஜோடி, ஆளுக்கொரு ஒட்டுண்ணியோடு புன்னகைத்துக்கொண்டிருந்தது. சந்திரலேகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைக்குப் பின்னால் போனாள். அங்கிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"மச்சானுக்கு நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றார் செல்வன்.

"நான் சொல்றேன்" என்று உள்ளேயிருந்து சந்திரலேகாவின் குரல் கேட்டது. "எங்கண்ணன் மூஞ்சியப் பாக்கணும் எனக்கு."

மறுநாள் இருவரும் கடலூருக்குப் போனார்கள். கலியமூர்த்தி முழுவதையும் கேட்டார். முதலில் அவர் முகம் சிவந்தது. பிறகு வெளுத்தது.

"எட்டடி பேனர்ல, எம் தலைக்குப் பின்னாடி, சிப்பியோட பேனை வச்சிருக்க."

"தெரியாம நடந்துபோச்சு மச்சான்."

"கொளஞ்சியப்பனுக்குத் தெரிஞ்சா என்னா ஆவும்? 'சங்கத்தின் ஒட்டுண்ணி'ன்னு நோட்டீஸ் அடிப்பான். உங்கிட்டயே வந்து அடிப்பான். நீயும் அவன் மீசைய நேராக்கி அடிச்சுக் குடுப்ப!"

கொளஞ்சியப்பனின் மீசை உண்மையிலேயே கொஞ்சம் கோணல்தான் என்று அந்த நேரத்திலும் செல்வனுக்குத் தோன்றியது.

கலியமூர்த்தி கொஞ்ச நேரம் மேலும் கீழும் நடந்தார். பிறகு சட்டென்று நின்றார்.

"அது எங்க இருக்குது இப்ப?"

"எது மச்சான்?"

"அதான், அந்தத் திரிகோடி. ரெண்டு மாசமா எம் பின்னாடி நிக்கிறான். ஒரு தடவ மூஞ்சியாவது பாத்துட்டு வந்துடுறேன்."

மூவரும் கலியமூர்த்தியின் ஷேர் ஆட்டோவிலேயே பரங்கிப்பேட்டைக்குப் போனார்கள். வித்யாவுக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் அன்று காலை முகத்துவாரத்தில் எடுத்துவந்த ஒரு சிப்பியைத் திறந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் மடிப்புமடிப்பாக இருந்த செவுளில் நகக்கண் அளவு துண்டை வெட்டி, ஒரு சொட்டுத் தண்ணீரோடு கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பொருத்தினாள்.

கலியமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். முதலில் தன் கண் இமை முடியைத்தான் பார்த்தார். "ரொம்பப் பெருசா இருக்குதே" என்றார். வித்யா அவர் தலையைச் சரியான இடத்துக்கு நகர்த்தினாள். அதன்பிறகு அவர் கண்ணை எடுக்கவே இல்லை.

"சுத்துது" என்றார் கடைசியில், ரகசியம் போல.

"ஆமாம் சார். சுத்திக்கிட்டேதான் இருக்கும்."

"மாப்ள, சுத்துதுடா! உசுரோட சுத்துது! ஒண்ணு, ரெண்டு, தோ மூணாவது. ரவுண்டானாவுல வண்டி திரும்புற மாதிரி திரும்புது பாரு!" பார் என்றாரே தவிர, அவர் இடத்தை விடவில்லை. "சரி, இது சிப்பிய என்னா பண்ணும்? கடிக்குமா?"

"கடிக்காது சார். அந்தக் கொக்கி வளையத்தால செவுள்ல பிடிச்சு உக்காந்துக்கும். தண்ணில வர்ற பாக்டீரியாவ சாப்பிடும். பத்து இருபது இருந்தா சிப்பிக்குத் தெரியக்கூடத் தெரியாது. ரொம்ப ஜாஸ்தியாயிட்டாத்தான் செவுள் புண்ணாயிடும், சிப்பிக்கு மூச்சு முட்டும்."

கலியமூர்த்தி தலையைத் தூக்கினார். அவர் கண்ணில் ஒரு தெளிவு தெரிந்தது.

"அப்ப இது பாசெஞ்சர்" என்றார். "ஏறி உக்காந்துக்குது, கம்பியப் புடிச்சிக்குது. அளவா ஏறினா வண்டி ஓடும். ஜாஸ்தி ஏறினா அச்சு முறியும். இதத்தானே நான் சங்கத்துல பத்து வருசமா சொல்லிட்டு வர்றேன்? இதவிட நல்ல சின்னம் எனக்கு எங்க கெடைக்கும்?"

அன்று சாயங்காலமே அவர் அந்தச் சுழலும் காட்சியைப் போனில் பிடித்து, தானே விளக்கம் பேசி, சங்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். கொளஞ்சியப்பன் நோட்டீஸ் அடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

கலியமூர்த்தி ஒரு வழியாக இடத்தை விட்டபோது செல்வனும் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தார். அவை சுழன்றது அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கண்ட ஒன்றுகூடச் சரியான வட்டமாக இல்லை. ஒன்று ஒரு பக்கம் நசுங்கி இருந்தது, இன்னொன்று கிண்ணம் போல வளைந்திருந்தது. சரிசெய்ய அங்கே மவுஸ் இல்லை. அவை பாட்டுக்குக் கோணலாகவே சுற்றின. அப்போதுதான் அவருக்கு அந்த இருபத்தைந்தாவது பல் நினைவுக்கு வந்தது. அது பதக்கம் இல்லை, உயிர். உயிருக்கு ஒரு பல் கூட வைத்தால் தப்பாகுமா? சொல்லிவிடலாமா என்று வித்யாவைப் பார்த்தார். அவள் சிரித்த முகமாக, "அடுத்த மாசம் எனக்கு வைவாண்ணே. யாரு வேணாலும் வரலாம். எல்லாரும் வந்துடுங்க" என்றாள். சந்தோஷமாக இருக்கிற பிள்ளையிடம் எதற்கு என்று விட்டுவிட்டார்.

வைவா என்றால் ஆய்வேட்டை எழுதியவர், வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் கேட்கிற கேள்விக்கெல்லாம் சபை நடுவே பதில் சொல்ல வேண்டும். தூத்துக்குடியிலிருந்து பேராசிரியர் நடனசபாபதி வருகிறார் என்று வித்யா சொல்லியிருந்தாள். ஒட்டுண்ணிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாதாம். மனசு உறுத்தலில் இருந்த செல்வன், தன்னால் ஆன பிராயச்சித்தமாக, அவர் அசந்து சிரித்த படம் ஒன்றை இணையத்திலிருந்து எடுத்து, பின்னால் சக்கரம் வைத்து, ஆய்வுக்கூட வாசலில் ஒரு வரவேற்புப் பேனர் கட்டினார். கேட்பாரில்லாமல் அறை காலியாக இருந்துவிடக் கூடாது என்று கலியமூர்த்தி காக்கிச் சட்டையோடு இருபத்திரண்டு ஓட்டுநர்களைக் கூட்டிவந்தார். வித்யாவின் வழிகாட்டி திலகவதி மேடம் இத்தனை வருடத்தில் ஒரு வைவாவுக்கு ஒன்பது பேருக்கு மேல் பார்த்ததில்லை. பிஸ்கெட் போதாமல் போய்விட்டது.

பேராசிரியர் நடனசபாபதி பேனருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே வந்து உட்கார்ந்தார். மெலிந்த மனிதர், வாயைத் திறக்காமல் பேசுகிற பழக்கம்.

வித்யா நாற்பது நிமிடம் நன்றாகவே பேசினாள். சபையில் யாராவது கேட்கலாம் என்றதும் ஓர் ஓட்டுநர் எழுந்தார்.

"மேடம், அது சுத்துறது வலது பக்கமா, இடது பக்கமா?"

"ரெண்டு பக்கமும் சுத்தும்."

"அப்ப அதுக்கு ரூல்ஸ் கெடையாது" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். நடனசபாபதிக்கே உதடு துடித்தது. ஆனால் அடுத்த கணம் அவர் ஆய்வேட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து, சட்டைப்பையிலிருந்து லென்ஸ் ஒன்றை எடுத்தார்.

"வித்யா, உங்க வெள்ளாத்து டிரைக்கோடைனாவுக்குப் பல்லு இருபத்திரண்டுல இருந்து இருபத்துநாலுன்னு எழுதியிருக்கீங்க. நூத்திப் பதினாறு உசுர எண்ணியிருக்கீங்க. ஒண்ணுல கூட இருபத்துநாலத் தாண்டல."

"ஆமாம் சார்."

"ஏழாவது படத்துல இருபத்தஞ்சு இருக்கு."

வித்யா எண்ணினாள். திலகவதி மேடம் எண்ணினார். மறுபடி எண்ணினார்கள்.

"அதுலயும், பதினோராவது பல்லும் பன்னெண்டாவது பல்லும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு. ஒரு சின்னக் கீறல்கூட ரெண்டுலயும் ஒரே எடத்துல இருக்கு. இயற்கையில அப்படி வராதும்மா. படத்த யாராவது திருத்தினாங்களா?"

வித்யா அந்தப் பக்கத்தைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள். ஆராய்ச்சிப் படத்தைத் திருத்துவது என்றால் மோசடி, பட்டமே கிடைக்காது என்று அந்த அறையில் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். நாலு வருட உழைப்பு. "இல்ல சார், நான் எதுவும்... சத்தியமா நான்..." என்றாள்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கீச்சிட்டது.

"சார்" என்று செல்வன் எழுந்து நின்றார். கை தானாகவே கட்டிக்கொண்டது. "அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல சார். அந்தப் பல்லு நான் வச்சது."

"நீங்க யாரு?"

"பேனர் கடை சார். சிதம்பரம். ஒரு எடம் ஓட்டையா இருந்துச்சு. மனசு கேக்கல. பக்கத்துப் பல்ல எடுத்து வச்சிட்டேன். பென்டிரைவுலயும் மாத்திட்டேன். அது உசுருன்னு எனக்குத் தெரியாது சார். பதக்கம்னு நெனச்சிட்டேன்."

சந்திரலேகா எழுந்தாள்.

"சார், எங்க வீட்டுக்காரரு யாரையும் பல்லில்லாம விடமாட்டாரு. செத்தவங்களுக்கே கட்டிவிட்டவரு. இதுக்குப் போயி விடுவாரா?"

நடனசபாபதி லென்ஸை மேஜைமேல் வைத்தார். செல்வனைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக வாசலில் ஆடிக்கொண்டிருந்த பேனரைப் பார்த்தார். மெதுவாக வாயைத் திறந்தார். மேல்வரிசையில், நட்டநடுவில், கதவு திறந்தது போல ஒரு பல் இல்லை.

"பதினெட்டு வருசமா இது இப்படித்தான் இருக்கு" என்றார். "இன்னைக்குக் காலையில வாசல்ல பாத்தேன், மொளச்சிருக்கு. எப்படின்னு அப்பலேர்ந்து யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

முதலில் சிரித்தது திலகவதி மேடம்தான். பிறகு இருபத்திரண்டு காக்கிச் சட்டைகளும் சிரித்தன. வித்யா அழுதுகொண்டே சிரித்தாள். நடனசபாபதி கையால் வாயை மறைக்காமல் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் மறுபடி தேர்வாளர் ஆகிவிட்டார். ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டரில் மைக்ராஸ்கோப் எடுத்த மூலப்படம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. திறந்து பார்த்தார்கள். இருபத்துநான்கு பல், அந்தப் பழைய இடைவெளியோடு. மற்ற படங்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. ஏழாவது படத்தை மட்டும் மாற்றி அச்சிட வேண்டும், இனிமேல் படத்தைக் கடைக்குக் கொடுத்தால் திரும்பி வந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பட்டத்துக்குப் பரிந்துரை செய்து கையெழுத்துப் போட்டார். கலியமூர்த்தி கைதட்ட, அவர் ஆட்களும் தட்டினார்கள். வெளியே வந்ததும் வித்யா செல்வனிடம், "உங்கள என்னா பண்றதுன்னே தெரியலண்ணே" என்றாள். "என்னா வேணா பண்ணும்மா" என்றார் அவர். அவள் எதுவும் பண்ணவில்லை. தன் பங்குக்கு வந்த சமோசாவைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தாள்.

நடனசபாபதி ஊருக்குக் கிளம்பும்போது பேனரைக் கேட்டு வாங்கி, சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் காட்ட வேண்டுமாம்.

சங்கத் தேர்தலில் கலியமூர்த்தி நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். வட்டம் என்னவென்று ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகும் அதைக் கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை. பிரியாணிக் கடைக்காரர் மட்டும், சாப்பாட்டுக் கடை, நல்லா இருக்காது என்று எடுத்துவிட்டார். ஆலப்பாக்கத்துத் தம்பதி கல்யாண ஆல்பத்தின் அட்டையில் அதைப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

செல்வன் இப்போது போட்டோவில் கைவைப்பதற்கு முன், "இருக்கிறபடியே விட்டுடலாமா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். விட வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

போன பொங்கலுக்கு அவர் ஒரு பழைய மைக்ராஸ்கோப்பை வாங்கிவந்தார். மூடிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் சாமான்களோடு சிதம்பரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அன்று முழுக்க அவர் கடையில் வேலை பார்க்கவில்லை. குளத்துத் தண்ணீரைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், தன் மீசை முடியைப் பார்த்தார். சாயங்காலம், அடுக்களையில் பொங்கிக்கொண்டிருந்த இட்லி மாவில் ஒரு சொட்டு எடுத்து வைத்துவிட்டுச் சந்திரலேகாவைக் கூப்பிட்டார்.

அவள் குனிந்து பார்த்தாள். உருண்டையும் புள்ளியுமாக எண்ண முடியாத கூட்டம்.

"இதெல்லாம் உசுரா?"

"உசுருதான்."

"இதுங்கதான் மாவைப் புளிக்க வைக்குதுங்களா?"

"ஆமாம்."

அவள் இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அவர் கை மவுஸ் இல்லாத மேஜையில் எதையோ தேடுவதைக் கவனித்து, கண்ணாடித் துண்டை வெடுக்கென்று எடுத்துக் கழுவப் போட்டாள்.

"அதுங்கள வேலை பாக்க விடுங்க" என்றாள். "நாளைக்குக் காலையில இட்லி வேணுமா வேணாமா?"